ஒத்தீலியா சித்தி கொடுத்த ஒன்று

கம்ப்யூட்டர் என்ற ஒன்றைக் கடவுள் படைத்ததே எங்கள் ஒத்தீலியா சித்தி உட்கார்ந்து அதை அதட்ட வேண்டும் என்பதற்காகத்தான். கோஷிட்சே நகரத்தில், ஃபூர்ச்சா மேட்டுக் குடியிருப்பின் ஆறாவது மாடியில், அவள் ஒரு தும்மல் போட்டால் அமெரிக்காவில் பாதி மருந்துக்கடைகளில் கல்லாப்பெட்டி திறக்காது. மறுபடி தும்மினால்தான் திறக்கும். ஒருமுறை சளி பிடித்து அவள் படுத்துவிட்டாள். அவள் எழுந்திருக்கும்வரை யாருக்கும் தலைவலி வரக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே போட்டார்களாம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். நான்தான்.

பார்வைக்கு அப்படியெல்லாம் தெரியமாட்டாள். அம்மாவின் தங்கை. ஐம்பதை நெருங்குகிற வயது, ஒட்ட வெட்டிய முடி, எந்தக் காலத்திலும் கழற்றாத ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை. புருஷன் பிராக் நகரத்துக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே வேறொரு சமையலறையைப் பிடித்துக்கொண்டார். சித்தியின் வேலை இதுதான்: கடலுக்கு அந்தப் பக்கம் மருந்துக்கடைகளில் கம்ப்யூட்டர் நின்றுபோனால், இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை ஓட வைப்பது. அவளுக்குக் கீழே ஒரு சின்னக் குழு. அதில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒருவர் இம்ரிக். எங்கள் கட்டடத்திலேயே இரண்டாவது மாடி. மீசை, மூக்குக்கண்ணாடி, வீட்டில் ஒரு வலேரியா. அவர் ஒரு கோளாறைத் தொட்டால் அது திரும்ப வராது. அதனால் அவர் மேசையில் தொலைபேசி அதிகம் அடிக்காது. அடிக்காத தொலைபேசிக்கு யார் கைதட்டுவார்கள்?

இன்னொருவன் பத்ரிக். இளந்தாரி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே தூங்கத் தெரிந்தவன். அவன் சரிசெய்த கோளாறு மறுநாளே திரும்பி வரும். மறுபடி சரிசெய்வான். கணக்கில் இரண்டு வேலை முடிந்ததாகும். ஆனால் அவனை யாராலும் வெறுக்க முடியாது, அதுதான் அவனிடம் இருக்கிற சிக்கல்.

இம்ரிக்கின் கழுத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அலுவலகம் நகரத்துக்குள்ளே வேறொரு கட்டடம். அங்கேயும் இரண்டாவது மாடி, அவர் தலைக்கு நேர் மேலே குளிர்காற்று வருகிற ஓட்டை. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் குற்றவாளி ஊதக்காற்றுதான். பல்வலியா, ஊதக்காற்று. காது அடைப்பா, ஊதக்காற்று. மகன் படிக்காமல் ரயில்வே தொழிற்பள்ளியிலிருந்து விரட்டப்பட்டானா, தொட்டிலில் இருந்தபோது யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். (என் அம்மாவின் கருத்து.) இம்ரிக்கின் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலேரியா வீட்டுப் படிக்கட்டில் சித்தியைப் பிடித்தாள். வேண்டியவர்களுக்குச் சித்தி ‘ஒத்கா’.

"ஒத்கா, உனக்குப் புண்ணியமாப் போகும். அந்தக் காத்துக்குக் கீழருந்து என் வீட்டுக்காரரை எழுப்பு. ராத்திரி முழுக்க முனகுறாரு. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

சித்தி போய்ச் சண்டை போட்டாள். அவள் சண்டை போட்டால் அலுவலகக் கட்டடத்தை நிர்வகிக்கிறவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். கடைசியில் இம்ரிக்குக்கு மூன்றாவது மாடியில், ஜன்னல் ஓரம், காற்றே இல்லாத ஒரு நாற்காலி கிடைத்தது. வலேரியா ஒரு தட்டு நிறைய கசகசா ரொட்டி செய்து கொண்டுவந்து கொடுத்தாள். அதில் பாதியை நான் தின்றேன். நல்லாத்தான் இருந்தது.

இப்போது மார்க் விஷயம். எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒன்றுதான் உச்சி. ஐந்து என்றால் அடுத்த வருஷமும் அதே பெஞ்சு. இந்த ஐந்தைப் பற்றி என்னிடம் கேட்கலாம், எனக்கு அதில் நல்ல அனுபவம். சித்தியோ முதல் வகுப்பிலிருந்து கடைசிவரை ஒன்றைத் தவிர வேறெதையும் கண்ணால் பார்க்காதவள். அவளுடைய நிறுவனம் முதலில் வியன்னாக்காரர்களுடையது. அவர்கள் ஊரிலும் ஒன்றுதான் உச்சி. வருஷா வருஷம் சித்தி இம்ரிக்குக்கு ஒன்று போடுவாள், வியன்னாவில் தலையாட்டுவார்கள். போன வசந்தத்தில் வியன்னாக்காரர்கள் நிறுவனத்தை அமெரிக்காக்காரர்களிடம் விற்றுவிட்டார்கள். புது மேலதிகாரி டெனிஸ் என்ற பெண்மணி. நேரில் யாரும் பார்த்ததில்லை. திரையில் பார்த்தால் நல்ல பற்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் டெனிஸ் அழைத்தாள்.

"ஒத்தீலியா, எனக்கு இன்னிக்கு நிறைய குழு பார்க்கணும். உங்க ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு மார்க் சொல்லுங்க. யோசிக்காதீங்க, மனசுல என்ன தோணுதோ அது."

"இம்ரிக், ஒண்ணு" என்றாள் சித்தி. சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தியிருப்பாள், எனக்குத் தெரியும்.

டெனிஸின் குரல் இறங்கியது. "ஓ... கஷ்டம்தான் உங்களுக்கு."

சித்தி, தொடர்பு சரியில்லை, ஏதோ தவறிக் கேட்கிறது என்று நினைத்தாள். மற்றவர்களுக்கும் சொன்னாள். பத்ரிக்குக்கு நான்கு சொல்லலாமா என்று தயங்கி, அந்த வாரம்தான் அவன் ஒரு மருந்துக்கடைக்காரரைக் காத்திருக்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனது ஞாபகம் வந்து, "பத்ரிக், அஞ்சு" என்றாள்.

"அடேயப்பா! அருமை!" என்றாள் டெனிஸ்.

குத்திக்காட்டுகிறாள் என்று சித்திக்குக் கோபம். "உங்களுக்கு?" என்று டெனிஸ் கேட்டதற்கு, தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது நாகரிகமில்லை என்று "ரெண்டு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்தது இம்ரிக்கின் பெயர்நாள். எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் பெயருக்கு உரியது. பெயர்க்காரர்தான் மற்றவர்களுக்குத் தீனி போட வேண்டும். இம்ரிக் மேல்மாடியிலிருந்து தன் குழுவைத் தேடி இறங்கி வந்தார். வலேரியா செய்தனுப்பிய ரொட்டித் துண்டுகளைப் பரப்பினார். மேலே ஹாம், முட்டை, வெள்ளரி ஊறுகாய். எல்லாரும் வாயில் வைத்த நேரத்தில் அவர் கைபேசி முனகியது. ஒரு அழைப்புக்கு உடனே வரவேண்டுமாம்.

"வாழ்த்து சொல்லக் கூப்பிடறாங்க போல" என்றான் பத்ரிக், வாய் நிறைய முட்டையோடு. "ரொட்டி எங்கேன்னு கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க இம்ரிக்."

இம்ரிக் சின்ன அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது முகம் அப்படியேதான் இருந்தது, மீசை மட்டும் எங்கோ தொங்கியது. ரொட்டித் தட்டை நேராக வைத்தார். விழுந்திருந்த ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து அதற்குரிய ரொட்டியின்மேல் வைத்தார்.

"என்னை வேலையிலேர்ந்து அனுப்பிட்டாங்க."

யாரும் மெல்லவில்லை.

"ஒத்கா, என்னைப் பத்தி நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுன்னு சொன்னேன் இம்ரிக். கடவுள் சத்தியமா. ஒண்ணு!"

"அப்புறம் ஏன்?"

அவர் மேலே போய்க் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றைக்கு வேறு குழுக்களிலும் ஆட்கள் போனார்கள். சித்தியின் குழுவில் அவர் ஒருவர்தான்.

பத்ரிக்தான் முதலில் கண்டுபிடித்தான். மெதுவாகச் சித்தியின் மேசைக்கு வந்தான்.

"தலைவி, எனக்கு எத்தனை சொன்னீங்க? கோவிச்சுக்க மாட்டேன்."

"அஞ்சு."

"பீட்சா கொண்டுவர்ற பையனுக்கு எத்தனை நட்சத்திரம் குடுப்பீங்க?"

"அஞ்சுதான். பாவம், படியேறி வர்றான்."

"ஆங்."

"என்ன ஆங்? அது நட்சத்திரம். இது மார்க்."

"அவங்க ஊர்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தலைவி, அஞ்சுதான் உச்சி." சிரிக்கத் தொடங்கினான். பாதியில் நின்றுபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "யேசுவே மரியாளே. நான்தான் நம்ம குழுவோட வைரமா?"

சித்தி அன்று லிஃப்டில் ஏறாமல் ஆறு மாடியும் படியேறி வந்தாள். இரண்டாவது மாடியில், இம்ரிக் வீட்டுக் கதவுக்கு முன்னால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். சத்தம் கேட்கக் கூடாதாம். அம்மாவுக்கு ஆலையில் இரண்டாவது ஷிஃப்ட் என்றால் நான் சித்தி வீட்டில்தான் சாப்பிடுவேன். அன்று உருளைக்கிழங்கு மாவைக் கிள்ளிப்போட்டு வேகவைக்கிற ஹலுஷ்கி. உப்பே போடவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஒரு நல்ல மனுஷனோட வேலையை என் வாயாலயே பிடுங்கிட்டேன்டா" என்றாள்.

"அந்தம்மா கேட்டிருக்கணும் இல்ல, எது உசத்தின்னு?"

"நான் கேட்டிருக்கணும்."

டெனிஸிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சொன்னால் இம்ரிக் திரும்ப வரலாம். பத்ரிக் போவான். ஒன்றும் ஐந்தும் தெரியாதவள் என்று இவளும் போகலாம். இவள் போனால் அந்த வீட்டுக் கடனும் ஊதக்காற்றும்தான் மிச்சம். பத்ரிக்கிடம் முதலில் சொன்னாள், அது மரியாதை என்று. "சொல்லுங்க தலைவி" என்றானாம். "ஆனா என்னைத் தூக்கறதா இருந்தா என் பெயர்நாள்ல வேண்டாம். நான் ரொட்டி வாங்க மாட்டேன்."

டெனிஸ் கிடைக்கவே நாளாயிற்று. அதற்குள் இம்ரிக் கீழே தபால் பெட்டிகள் பக்கம் சித்தியைப் பிடித்துவிட்டார். இளைத்திருந்தார். காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒத்கா, போன கோடையில அந்தம்மா என்கிட்ட ‘எப்படி இருக்கீங்க’ன்னு கேட்டாங்க. நான் எப்படி இருக்கேன்னு சொல்லிட்டேன். கழுத்துவலி, மாமியார் ஆப்பரேஷன், எல்லாம். அவங்க முகம் மாறிச்சு. அதா இருக்குமோ?"

"அதுக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க இம்ரிக்."

"இல்ல, அந்த ஞாயித்துக்கிழமை ஒரு சர்வரை நிறுத்தி வச்சேனே, அதா?"

பதினைந்து வருஷ வேலையை முதலிலிருந்து திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன், எங்கே ஐந்து வாங்கினோம் என்று. தொழிற்பள்ளியில் என்னை விரட்டியபோதாவது காரணத்தைத் தெளிவாகச் சொன்னார்கள். அதில் சிகரெட்டும் தலைமையாசிரியரின் தொப்பியும் இருந்தன.

டெனிஸ் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தாள். சித்தி வீட்டுச் சமையலறை மேசையிலேயே அழைப்பு. நான் அடுப்புப் பக்கம் சத்தமில்லாமல் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பேசுவதற்குமுன் சித்தி கம்பளிச் சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டாள்.

சொன்னாள். ஒன்று, ஐந்து, பள்ளிக்கூடம், வியன்னா எல்லாம்.

டெனிஸ் சிரிக்கவில்லை. "ஒத்தீலியா, இன்னிக்கு எனக்கும் கடைசி நாள். அதனால உண்மையைச் சொல்லிடறேன். அந்த மார்க்கை யாருமே பார்க்கலை. நான் உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே பட்டியல் என் கையில இருந்துச்சு. மார்க் கேக்கச் சொன்னாங்க, கேட்டேன்."

"அப்போ இம்ரிக் எப்படி?"

"நாற்காலி. மூணாவது மாடியில ஜன்னல் ஓரமா சில நாற்காலிங்க, மூடப்போற ஒரு செலவுக் கணக்குல எழுதியிருந்துச்சு. கணக்கை மூடினாங்க. அதுல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு அப்புறம்தான் பேர் எழுதினாங்க."

சித்தி திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"அவரைக் கீழே என் நாற்காலியில உட்கார வச்சுக்கறேன். நான் எழுந்துக்கறேன். அப்படி மாத்த முடியுமா?"

"கணக்கு மூடிட்டாங்க, ஒத்தீலியா."

"உங்களை எதுக்கு அனுப்பறாங்க?"

"சொல்லலை" என்றாள் டெனிஸ். நல்ல பற்கள் அன்றைக்குத் தெரியவில்லை.

அழைப்பு முடிந்ததும் சித்தி திரையை மூடினாள்.

"தப்பு உன்னோடது இல்ல சித்தி" என்றேன். "நல்லதுதானே?"

"என்னடா நல்லது? அந்த நாற்காலியை யார் கேட்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டது வலேரியா. புருஷன் கழுத்துக்காக.

"இம்ரிக்கிட்ட இதைச் சொன்னா அவர் இன்னிக்கே வலேரியாகிட்ட சொல்லுவார், அவருக்கு ஒளிக்கத் தெரியாது. அவ ஆயுசு முழுக்க அவர் கழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சாவா. இது இந்த அறையை விட்டுப் போகக் கூடாது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

சித்தி நேராக இரண்டாவது மாடிக்குப் போனாள். செருப்பைக் கழற்றாமல், சத்தமாக. நானும் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்தது இம்ரிக். உள்ளே வலேரியா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இம்ரிக், காரணம் கிடைச்சுடுச்சு. நான்தான். நான் உனக்கு ஒண்ணு போட்டேன். அவங்களுக்கு அஞ்சுதான் உசத்தியாம். தலைகீழாப் படிச்சுட்டாங்க. இப்ப மாத்த முடியாதுன்னுட்டாங்க. என் முட்டாள்தனம்."

இம்ரிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணுன்னா சொன்ன?"

"ஒண்ணு."

"பட்டுனு சொன்னியா, யோசிச்சா?"

"பட்டுனு. முதல் பேரே உன்னோடதுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை போன மனுஷன், நிலையில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "வலேரியா, கேட்டியா? ஒண்ணாம். ஒண்ணு வாங்கினதுக்கு வேலை போச்சாம்!" அன்று ராத்திரி அவர் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வலேரியா சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி சித்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைவிட அந்தப் பெட்டி கொஞ்சம் சூடு குறைவாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

இம்ரிக் கதையை எல்லாரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு முதுகு நிமிர்ந்தது. சித்திக்குத்தான் லிஃப்டில் ஏற முடியாமல் போயிற்று. ஐந்தாவது மாடி கேய்ஸா இருக்கிறாரே, சாராயக் குரல், அவர் லிஃப்டுக்குள்ளிருந்தே கத்துவார்:

"ஏறு ஒத்தீலியா, ஏறு! எனக்கு அஞ்சாவது மாடியை அமுக்கு. பார்த்தும்மா, உன் கணக்குல அது கீழேயா மேலேயா?"

சித்தி சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு எதை அமுக்கினாலும் பாதாளத்துக்குத்தான் போகும் கேய்ஸா" என்பாள். வீட்டுக்கு வந்து பொத்தான்களைக் கழற்றாமல் உட்காருவாள். யாரோ ஒரு தறுதலை லிஃப்டில் ஒன்றையும் ஐந்தையும் இடம் மாற்றி ஒட்டியதில், கேய்ஸா தன் பீர் பெட்டியோடு முதல் மாடியில் யார் வீட்டுக் கதவையோ சாவி போட்டுத் திருகிக்கொண்டிருந்தது தனிக்கதை.

ஒரு நாள் லிஃப்டில் நானும், மேலே துணி காயப்போடப் போன வலேரியாவும் மட்டும். அவள் என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"பதினஞ்சு வருஷம். கழுதைக்குக்கூட ஒண்ணு எது அஞ்சு எதுன்னு தெரியும். உன் சித்தியைத் தலைவியாக்கின நிறுவனம் உருப்படுமா?"

லிஃப்ட் என் மாடிக்கு வந்தது. நான் இறங்கிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. எப்படியென்று எனக்குத் தெரியாது. எங்கள் கட்டடத்தில் சுவர் மெல்லிசு.

வலேரியா ஒரு காலைப்பொழுதில் சித்தி வீட்டுக்கு வந்தாளாம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "நான்தானே கேட்டேன்" என்றாளாம். "அந்த நாற்காலியை நான்தானே கேட்டேன், ஒத்கா?" சித்தி இல்லையென்று சாதித்துப் பார்த்திருக்கிறாள். சித்திக்குப் பொய் ஒரு தடவைதான் நன்றாக வரும், இரண்டாவது தடவை காது சிவந்துவிடும். வலேரியா அவள் காதைப் பார்த்துவிட்டு அழுதாளாம். பிறகு, "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாளாம்.

"தெரியாது. அவரைப் பொறுத்தவரைக்கும் என் முட்டாள்தனம். அப்படியே இருக்கட்டும்."

"நீ எத்தனை நாளைக்கு இதைத் தலையில வச்சுக்கிட்டுத் திரிவ?"

"நீயும் இப்ப வச்சுக்கிட்டுத்தானே இருக்க" என்றாளாம் சித்தி. பிறகு வலேரியா முகத்தைக் கழுவிக்கொண்டு, இம்ரிக் விழித்துவிடுவார் என்று கீழே போய்விட்டாள்.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்று மாலை நான் சாப்பிடப் போனபோது சித்தி ஹலுஷ்கியை என் தட்டில் போட்டாள், ஆட்டுப்பாற்கட்டியை வழக்கத்துக்கு மேலேயே உதிர்த்தாள், எதிரே உட்கார்ந்தாள்.

"காலையில வலேரியா வந்தா. ஒரே அழுகை."

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான் நாற்காலியைப் பத்தி யார்கிட்டயும் வாயே திறக்கலை சித்தி!"

சித்தி கம்பளிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"அவ எதுக்கு அழுதான்னு நான் இன்னும் சொல்லவே இல்லையேடா."